அந்தப் பக்கம் கேட்கிற ஜெபம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் கஞ்சியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அந்தண்டை நகர்ந்ததும் வெறும் கஞ்சி. டாக்டர்களின் வெள்ளை அங்கிகளுக்குக் கஞ்சி போட்டுத் தேய்க்கிற பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது ஒரு காரணம். கழுத்தை ஒரு அங்குலம்கூட வளைக்காமல் நடப்பாள் என்பது இன்னொரு காரணம். அவளுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், நிறுத்தி நிதானமாக, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலே வார்த்தை சொல்வாள். "அக்கா திட்டுனாக்கூட மடிப்புக் கலையாதுடா" என்று துவைக்கிற மெஷின்காரன் சொல்வான்.

இப்படிப்பட்டவளுக்குத் தூக்கம் வரவில்லை. ஊரில் ஆயிரம் பேருக்குத் தூக்கம் வருவதில்லை, அத்தனை பேருக்கும் கதை எழுதிக்கொண்டிருக்க முடியுமா? ஆனால் தன் தூக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு போனவள் யார் என்று இவளுக்குத் திட்டமாகத் தெரியும். அவள் வேறெங்கும் இல்லை, ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தாள். அவள் இவளுடைய தம்பி பொண்டாட்டி.

அப்பா போன பிறகு வீட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். கூடத்தின் நடுவே ஒட்டுப்பலகை அடித்தாகிவிட்டது. அந்தப் பக்கம் தம்பி குடும்பம், இந்தப் பக்கம் கஞ்சியும் அவள் புருஷனும். பலகையை அடித்த தச்சன் அதை மேற்கூரை வரைக்கும் கொண்டுபோகவில்லை. காற்று வரட்டும் என்று ஒரு முழம் விட்டுவிட்டான். அந்த வழியாகக் காற்று வந்ததோ இல்லையோ, தும்மல் வந்தது, தாளிக்கிற வாசனை வந்தது, பேச்சு ஒரு எழுத்து விடாமல் வந்தது.

அம்மா படுத்த படுக்கையானது தம்பி வீட்டுப் பக்கத்தில். வயிற்றுப் பாட்டுக்கு வேலைக்குப் போகிறவள் கஞ்சி, வீட்டோடு இருப்பவள் தம்பி பொண்டாட்டி. அதனால் பகலில் அவள் பார்த்துக்கொண்டாள், மாலையில் இவள் போய் உடம்பு துடைத்துவிட்டுத் துணி மாற்றினாள். ஒரு நாள் முற்பகலில் அம்மா போய்விட்டாள். சலவைக்கூடத்தில் வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். கஞ்சிக்குச் சேதி எட்டியபோது மதியச் சாப்பாட்டு மணி அடித்துக்கொண்டிருந்தது.

அடக்கத்தன்று, பெட்டியை மூடுவதற்கு முன்னால், சபையார் அத்தனை பேர் முன்னிலையில் தம்பி பொண்டாட்டி அதைச் சொன்னாள்.

"பெத்த பொண்ணு இஸ்திரிப் பொட்டியக் கட்டிக்கிட்டு அழட்டும். அத்தை கடைசித் தண்ணி என் கையாலதான் குடிச்சாங்க. கண்ணு வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. யாரும் வரல."

அவ்வளவுதான். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அன்றோடு கஞ்சிக்குத் தூக்கமும் நின்றது.

பேச்சு நின்றதே தவிர சண்டை நிற்கவில்லை. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழியைக் கேட்டால் நரகத்தில் இருப்பவர்கள்கூட எழுந்து நின்று கை தட்டுவார்கள்.

இரண்டு வீட்டிலும் சாயங்காலச் சாப்பாடு முடிந்ததும் குடும்ப ஜெபம் உண்டு. ஒரு பாட்டு, ஒரு வாசிப்பு, பிறகு யாராவது ஒருவர் கண்ணை மூடி, மனதில் வருவதை வாய்விட்டுச் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டு, சமாதானத்தோடு படுக்கப் போக வேண்டும். அப்பா காலத்திலிருந்து வந்த வழக்கம். ஜெபத்தில் ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசக்கூடாது. கேட்டதைப் பற்றி ஆமென் சொன்ன பிறகு விசாரிக்கவும் கூடாது, ஏனென்றால் அது உனக்குச் சொன்னது இல்லை. சாடை பேசுவதற்கு இதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் இருக்கிறதா?

தம்பி பொண்டாட்டிதான் ஆரம்பித்தாள். "கிருபையுள்ள ஆண்டவரே, பெற்றவளைக் கைவிட்டவர்களையும் நீர் கைவிடாமல் சோறு போட்டு வருகிறீரே, உமது பொறுமைக்கு ஸ்தோத்திரம்."

கஞ்சி அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். மறுநாள் பலகைக்கு இந்தப் பக்கத்திலிருந்து குரல் கிளம்பியது. "பரம பிதாவே, நோயாளியின் கட்டிலைக் காட்டி ஊரில் நல்ல பெயர் வாங்குகிற மாய்மாலக்காரரின் நடுவே அடியாளைக் குடியிருக்க வைத்தீரே, எனக்குப் பெலன் தாரும்."

அதிலிருந்து தினமும் நடந்தது. ஒருத்தி முடிக்கிற வரை மற்றவள் காத்திருப்பாள். இதில் மட்டும் இருவரும் மிகவும் மரியாதை. பெரிய குற்றங்கள் தீர்ந்துபோன நாட்களில் சில்லறைக் குற்றங்கள் பரலோகத்துக்குப் போயின. தொட்டித் தண்ணீரை ஒட்டக் காலி செய்கிறவர்களுக்காக ஒருத்தி மன்றாடினாள். அடுத்தவர் கொடியில் ஈரத்துணியைப் போடுகிறவர்களின் கண்களைத் திறக்கும்படி மற்றவள் வேண்டிக்கொண்டாள். கஞ்சி தன்னுடையதைச் சலவைக்கூடத்திலேயே தயார் செய்துவிடுவாள். இஸ்திரிப் பெட்டி போய் வரும் நேரத்தில் வாக்கியம் உருவாகும். ஒரு காலர் முடிவதற்குள் ஒரு சொல்லை மாற்றுவாள், கை மடிப்பு முடிவதற்குள் இன்னும் கூரான சொல் கிடைத்துவிடும்.

நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர்கள் ஆண்கள்தான். கஞ்சியின் புருஷன் ஒரு பள்ளிக்கூடத்து வாட்ச்மேன். ஊர்ப் பிள்ளைகளை அதட்டி அதட்டித் தொண்டை கட்டிய மனிதர், வீட்டில் வாயே திறக்க மாட்டார். தம்பி பஸ் டிரைவர். ஒரு நாள் அவன் அசதியில் உட்கார்ந்திருந்தான். இந்தப் பக்கம் அக்கா, "வாயாடிகளின் வாயை நீரே அடைத்தருளும்" என்று முடித்தாள். சின்ன வயதிலிருந்து அக்கா ஜெபத்துக்கு ஆமென் சொல்லிப் பழகிய நாக்கு, அந்தப் பக்கத்திலிருந்து "ஆமென்" என்று கணீரென்று சொல்லிவிட்டது. மறுநாள் அவன் சாப்பாட்டுப் பாத்திரம் இல்லாமல் பஸ் ஓட்டப் போனான்.

ஜெயித்தாலும் தோற்றாலும் கஞ்சிக்குத் தூக்கம் மட்டும் இல்லை. படுத்ததும் அந்த வாசல் வந்துவிடும். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். தான் ஏதோ ஒரு டாக்டரின் சட்டைப்பையைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். விடிய விடியக் கொட்டக் கொட்ட முழித்திருந்துவிட்டு வேலைக்குப் போவாள். மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்த்தாள். மறுநாள் நாக்கு உலர்ந்துபோனதுதான் மிச்சம். கடைசியில் போதகரிடம் போனாள்.

போதகர் நல்ல மனிதர், ஆனால் விவரம் தெரியாத நல்ல மனிதர். "யார் மேல உங்களுக்குக் கசப்பு இருக்கோ, அவங்களுக்காகத் தினமும் ஜெபம் பண்ணுங்கம்மா" என்றார்.

"அதத்தான் பண்ணிக்கிட்டு இருக்கேன் ஐயா."

"அப்படியா! ரொம்ப சந்தோஷம். பேர் சொல்லிப் பண்றீங்களா?"

"பேர் சொல்லணுமா?"

"சொல்லணும்மா. பேர் சொன்னாத்தான் மனசு இளகும்."

அன்று சாயங்காலம் கஞ்சி பேர் சொல்லிப் பண்ணினாள். யாருடைய மனசும் இளகவில்லை. அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் சுவரில் மோதி உருண்டது.

அதற்குப் பிறகு சில வாரங்கள் கழித்து ஒரு நாள், அந்தப் பக்கம் சத்தம் இல்லை. பாட்டு இல்லை, ஜெபம் இல்லை. தொண்டை சரியில்லையோ என்னவோ என்று கஞ்சி தன்னுடையதைச் சொல்லி முடித்தாள். மறுநாளும் இல்லை. தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது, விளக்கை அணைக்கிற சத்தம் கேட்டது, ஜெபம் மட்டும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் கஞ்சி தன்னிடம் இருந்ததிலேயே காரமானதை எடுத்து வீசினாள். பதில் இல்லை. எதிரி களத்தை விட்டுப் போய்விட்டால் ஜெயித்தவனுக்குச் சந்தோஷம்தானே வர வேண்டும்? இவளுக்கு ஆத்திரம் வந்தது. அப்படி ஒரு ஆத்திரம் அவளுக்கு அடக்கத்தன்றுகூட வரவில்லை.

நாலாம் நாள் தம்பி மாலை ஷிப்டுக்குப் போயிருந்தான். கஞ்சி ஜெபத்தை ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்தினாள், எழுந்தாள். இரண்டு கையாலும் பலகையை ஓங்கி ஓங்கித் தட்டினாள்.

"ஏய்! என்னடி பண்ற அங்க? ஜெபம் பண்ணுடி! ஜெபம் பண்ணு!"

வாட்ச்மேன் மூடியிருந்த கண்ணைத் திறந்தார். நிலைமையைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார்.

தம்பி பொண்டாட்டி சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். கையில் பாத்திரம் தேய்க்கிற நார், முழங்கை வரை நுரை. அடக்கத்துக்குப் பிறகு இந்த வாசற்படியை அவள் மிதித்தது இதுதான் முதல் தடவை.

"நான் ஜெபம் பண்ணலன்னா உங்களுக்கு என்ன அண்ணி? போய் போதகர்கிட்டப் பிராது குடுங்க."

"நாலு நாளா வாயத் தொறக்கலயே, ஏன்? சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சா? நான் சொன்னதெல்லாம் உறைச்சுடுச்சா?"

"உங்க பேச்சு யாருக்கு உறைக்கும்! நான் விட்டுட்டேன். ஜெபத்தையே விட்டுட்டேன். கண்ண மூடுனா ஆண்டவர் வரல அண்ணி, உங்க மூஞ்சிதான் வருது. உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு எத்தன நாளைக்கு ஸ்தோத்திரம் சொல்றது? அதான் வேண்டாம்னு எழுந்துட்டேன். இப்ப நாலு நாளா அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குறேன்."

அவள் இவளை எத்தனையோ வார்த்தையால் குத்தியிருக்கிறாள். ஆனால் 'தூங்குறேன்' என்ற இந்த ஒரு வார்த்தை இறங்கின இடத்தில் இதுவரை வேறு எதுவும் இறங்கியதில்லை. கஞ்சியின் மடிப்பு அன்றைக்குக் கலைந்தது.

"தூங்குறியா? உனக்குத் தூக்கம் வருதா? பாவி, எங்கம்மா வாசலப் பாத்துக்கிட்டே போனாங்கன்னு அத்தன பேர் முன்னாடி சொன்னியே. அன்னையிலேருந்து எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லடி. கண்ண மூடுனா அந்த வாசல்தான். நான் வரல, நான் வரல, நான் வரலன்னு அது ஒண்ணுதான். நீ தூங்குறியா?"

தொண்டை கிழியக் கத்தினாள். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. தம்பி பொண்டாட்டி திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். பதிலுக்குக் கத்தப் போகிறாள் என்று கஞ்சி காத்திருந்தாள். அவள் கையிலிருந்த நாரைப் பிழிந்தாள். தண்ணீர் தரையில் சொட்டியது.

"வாசலப் பாக்கல" என்றாள்.

"என்ன?"

"அத்தை வாசலப் பாத்தாங்களோ சுவத்தப் பாத்தாங்களோ எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்க இல்ல."

கஞ்சிக்கு ஒன்றும் புரியவில்லை. "இல்லன்னா? எங்க போன?"

"துணி காயப்போட மாடிக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரி வந்தா. பேச்சு இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு." முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மீதியையும் சொன்னாள். "உங்களப் பத்தித்தான் பேசிட்டு இருந்தேன். காலையில வேலைக்குப் போறப்ப எட்டிக்கூடப் பாக்கலன்னு. நல்லா நேரமாயிடுச்சு. இறங்கி வந்து பாத்தா உடம்பு சில்லுனு கெடக்குது."

"தண்ணி?"

"காலையில மாத்திரைக்குக் குடுத்தது. அதுக்கப்புறம் யார் குடுத்தா? அப்ப அதுதானே கடைசி?"

"அவனுக்குத் தெரியுமா?"

தம்பி பொண்டாட்டி இல்லை என்று தலையை ஆட்டினாள். தம்பிக்கு அம்மா என்றால் உயிர். 'எங்கம்மா கடைசி மூச்சுல என் பொண்டாட்டி பக்கத்துல இருந்தா' என்று பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம்கூடச் சொல்கிறவன் அவன். அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் அந்த வீட்டில் இவளுடைய மரியாதை நின்றுகொண்டிருந்தது.

"இப்ப சந்தோஷமா?" என்று கேட்டுவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனாள். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை.

சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். மறுநாள் சலவைக்கூடத்தில் கஞ்சி யாரையும் திட்டவில்லை. அது எல்லோருக்கும் பயமாக இருந்தது. இத்தனை நாளாகக் குண்டூசியால் குத்திக்கொண்டிருந்தவள் கையில் யாரோ அரிவாளையே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்குத் தம்பிக்கு வார விடுமுறை. பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பான். ஒரு எழுத்து விடாமல் கேட்பான். இவள் யாரிடமும் கோள் சொல்ல வேண்டியதில்லை, ஆண்டவரிடம்தான் சொல்லப் போகிறாள். அதை யார் குறை சொல்ல முடியும்?

நாள் முழுக்க அந்த வாக்கியத்தைத் தேய்த்தாள். அந்த மும்முரத்தில் ஒரு அங்கியின் முதுகைத் தீய்த்துவிட்டு, அதைச் சுருட்டிக் கந்தல் கூடையில் போட்டாள். மாலை மணி அடித்தபோது வாக்கியம் சுருக்கமில்லாமல் தயாராக இருந்தது. 'சத்தியமுள்ள தேவனே, சாகக் கிடந்த ஒரு தாயைத் தனியே போட்டுவிட்டு மாடியில் வம்பளந்தவள், அவளுக்குக் கடைசித் தண்ணீர் கொடுத்ததாகச் சொன்ன பொய்யை இந்த வீட்டாருக்கு வெளிப்படுத்தும்.' இதற்கு மேல் ஒரு சொல் கூட்ட வேண்டாம், ஒரு சொல் குறைக்கவும் வேண்டாம்.

சாப்பாடு முடிந்தது. அந்தப் பக்கம் தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது. அவன் இருமினான். தட்டு கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் வாட்ச்மேன் பாட்டை ஆரம்பித்ததும் அது நின்றுவிட்டது. அவள் குழாயை மூடிவிட்டாள். அடுப்படியில் நின்று கேட்கிறாள் என்று கஞ்சிக்குத் தெரிந்தது. கேட்கட்டும்.

பாட்டு முடிந்தது, வாசிப்பு முடிந்தது. கஞ்சி தொண்டையைச் செருமிக்கொண்டாள். நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, பலகையைத் தாண்டி அடுத்த தெரு வரைக்கும் போகிற குரலில் எடுத்தாள்.

"சத்தியமுள்ள தேவனே! சாகக் கிடந்த ஒரு தாயைத் தனியே..."

அதற்கு மேல் வரவில்லை.

வாக்கியம் மறந்துபோகவில்லை. அப்படியே மடிப்புக் கலையாமல் மனதில் இருந்தது. ஆனால் 'தனியே' என்று வாயால் சொன்னதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையிலிருந்து சாயங்காலம் வரை விட்டுவிட்டுப் போனவளையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். விடப்பட்டவள் தன்னைப் பெற்றவள் என்பது இப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் அம்மாவின் கடைசி நேரத்தில் குறைந்தபட்சம் ஒருத்தி பக்கத்தில் இருந்தாள். அவள் சண்டைக்காரியாகவே இருக்கட்டும், கையில் ஒரு டம்ளர் தண்ணீரோடு இருந்தாள். நேற்றிலிருந்து அதுவும் இல்லை. அந்த அறையில் கட்டிலும் அம்மாவும் மட்டும்தான். அம்மா கூப்பிட்டாளோ என்னவோ. கூப்பிட்டிருந்தால் கேட்க ஆள் இல்லை.

வாட்ச்மேன் லேசாகக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

கஞ்சியின் தலை குனிந்தது. அவள் குனிந்து யாரும் பார்த்ததில்லை. நெற்றி முழங்காலில் படுகிற அளவுக்குக் குனிந்து, மடிக்குள் பேசினாள். ஜெபத்துக்கென்று வைத்திருந்த பெரிய வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை.

"அம்மா தனியாப் போயிருக்காங்க. நானும் இல்ல, அவளும் இல்ல. நீராவது இருந்தீரா?"

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். இத்தனை காலமாக ஜெபத்தில் அவள் கேள்வி கேட்டதில்லை, தீர்ப்புத்தான் சொல்லியிருக்கிறாள். கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது.

"பக்கத்துல உக்காந்திருந்தீரா? சும்மா மேல இருந்து பாத்துக்கிட்டு இருந்தேன்னு சொல்லாதீர், எனக்குக் கோவம் வரும். கையப் பிடிச்சுக்கிட்டு இருந்தீரா? அத மட்டும் சொல்லும். அவ மேல இருக்கிற ஆத்திரம் அப்படியேதான் இருக்கு. அத விட்டுடுன்னு இன்னைக்கு எங்கிட்டக் கேக்காதீர். எங்கம்மா பயந்தாங்களா? அத மட்டும் சொல்லும்."

அவள் குரல் தன் புருஷனுக்கே எட்டவில்லை. அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து காதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, தப்பு என்று தோன்றி மறுபடி நேராக உட்கார்ந்துகொண்டார்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் ஒருத்தியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஜெபத்தில் குறுக்கே பேசக்கூடாது என்ற சட்டத்தை அந்த வீட்டில் முதன்முதலாக அவள் உடைத்தாள். பலகைக்கு மிக அருகிலிருந்து குரல் வந்தது.

"அண்ணி, என்னத்த முணுமுணுக்கிறீங்க? சொல்றதச் சத்தமாச் சொல்லிடுங்க. இங்க ஒண்ணும் கேக்கல."

"ஏய், அக்கா ஜெபத்துல இருக்கு. உனக்கு என்னடி ஆச்சு?" என்று தம்பி அதட்டினான்.

கஞ்சி நிமிர்ந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பலகையை ஒரு முறை பார்த்தாள்.

"உங்கிட்டச் சொல்லலடி" என்றாள். "போய்ப் படு."